ஈரக் கழிவு

பச்சை இலை எடை போடும் பதிவேட்டின்
மிச்சத் தாள்களில்தான் தொடங்கினேன்.
தேதி, பெயர், எடை, ஈரக் கழிவு, நிகரம்.
கோடுகள் ஏற்கெனவே இருந்தன.
எடையை அடித்து நினைவகம் என்று எழுதினேன்,
நிகரத்தை அடித்து உயிர் உண்டா என்று.
ஈரக் கழிவை விட்டுவிட்டேன்.
கோத்தகிரியில் அதை எதிலிருந்தும் அடிக்க முடியாது.

எண் ஒன்று என்னுடையது.
பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்தது,
மூடியில் முத்திரை, அடியில் துரு.
இரண்டு முதல் ஆறு வரை அதன் உடன்பிறப்புகள்,
ஐந்நூறுக்கும் எழுநூறுக்கும்
டானிங்டன் செல்போன் கடை வழியாக வந்தவை.
ஏழு, கட்டபெட்டுப் பள்ளி ஏலம்.
எட்டைப் பற்றிப் பேச வேண்டாம்.

திருகாணிகள் மாத்திரை டப்பாவில்,
திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு அறை.
கீலுக்கானவை புதன்கிழமையில் இருக்கும்.
வீங்கிய பேட்டரி ஒன்று
வீட்டுக்கு வெளியே, மணல் வாளியில்,
குறிப்பு: பூனையை விரட்டவும்.

பட்டியலைப் பதினொன்றில்
தட்டச்சு செய்யத் தொடங்கிய வருடம்
சாய்கோட்டு விசை உதிர்ந்து போனது.
தமிழில் அங்கேதான் ழ உட்கார்ந்திருக்கும்.
மூன்று மாதம்
மழையில் நனைந்தது என்று எழுத வேண்டியதெல்லாம்
மலையில் நனைந்தது என்று ஆனது.
திருத்தவில்லை, இரண்டும் உண்மை.
பழுது பலுது ஆனதுதான் பொறுக்கவில்லை.
இருபதிலிருந்து ஒரு ழ பிடுங்கி வைத்தேன்.
இருபதின் நேரே எழுதினேன்:
ழ கொடுத்தது.

ஜூலையில் திரைகளுக்குள்
பாசி போல ஒன்று படரும்.
டிரையருக்கு மேலிருக்கும் மச்சில்
மேஸ்திரி ஹாலனுக்குத் தெரிந்தும் தெரியாமலும்
அடுக்கிவைத்து உலர்த்துவேன்.
அதனால் எந்த மூடியைத் திறந்தாலும்
டஸ்ட் டீ வாசம்.
விசிறி சுற்றினால் இன்னும் கொஞ்சம்.

தங்கை மெர்லின் கேட்பாள்,
இத்தனையும் வித்தா எவ்வளவு வரும்?
பதிவேட்டில் விலைக்குக் கட்டம் இல்லை.
இலைக்கும் அதில் இருந்ததில்லை,
அதை மாசக் கடைசியில்
வேறு யாராவது சொல்வார்கள்.

போன வெள்ளி, மின்சாரம் இல்லாத ராத்திரி,
திருப்பூரிலிருந்து பெள்ளிராஜ் பேசினார்.
நாலு வருசம் முன்னாடி
உங்ககிட்ட ஒண்ணு கொடுத்தேனே, இருக்கா?

எண் ஒன்பது.
மெழுகுவத்தியை நகர்த்திப் பக்கம் தேடினேன்.
திரை பதினாலில் இருக்கு,
நர்ஸ் ஸ்டெல்லா வச்சிருக்காங்க.
நினைவகம் இருபத்திரண்டில்,
அரவேணுவில் மளிகைக் கடைக்குப் பில் போடுது.
விசைப்பலகை என்கிட்டதான்,
நீள விசை மட்டும் இல்லை.
கீல் ஒண்ணு கூடலூர் போயிடுச்சு,
இன்னொண்ணு புதன்கிழமையில.
புதன்கிழமையிலயா என்றார்.
விளக்கவில்லை.
வன்தட்டு துணி சுத்தி வச்சிருக்கேன்,
அதைத் தொடலை.

மறுமுனையில் தையல் மெஷின்கள்
ஓடி நின்று ஓடின.
பெரியவன் பல்லடத்தில, சின்னவன் ஓசூர்ல,
அவங்க அம்மா மட்டும் அங்க, கெரடாமட்டத்தில
என்றார், நான் கேட்காமலே.
வன்தட்டை அனுப்பட்டுமா என்றேன்.
வேண்டாம், இங்க அதை மாட்ட என்ன இருக்கு.

வைத்த பிறகு ஒன்பதுக்கு நேரே
கேட்டார் என்று எழுதித் தேதி போட்டேன்.
ஈரக் கழிவுக் கட்டம் காலியாக இருந்தது.
தொழிற்சாலையில் கையில் அள்ளி
ஒரு உதறு உதறினால்
எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடுவேன்.

மின்சாரம் வந்தது.
பதினொன்று எழுந்து, வழக்கம்போல,
இன்று ஜனவரி ஒன்று என்றது.
அதற்குக் காசளவு பேட்டரி ஒன்று வாங்க வேண்டும்.
எழுதிவைத்தேன்.